மண்ணெண்ணெய் ஃபெர்குசனும் அப்பாவின் நோட்டும்

ஃபெர்குசன் டிராக்டரைக் கிளப்ப, கியர் லீவரை 'எஸ்' என்று எழுதியிருக்கும் இடத்துக்குத் தள்ள வேண்டும். அங்கே போனால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். வண்டி கியரில் நிற்கும்போது யாரும் தவறிக் கிளப்பிவிடக் கூடாது என்று செய்துவைத்த ஏற்பாடு அது. எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, செகந்திராபாத் பொலாரத்தில், வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், என் கையின்மேல் தன் கையை வைத்து அப்பா அந்த லீவரைத் தள்ளிக் காட்டினார். "அவசரப்படாதே. முதல்ல பெட்ரோல்ல ஓடட்டும். சூடு ஏறினப்புறம் மண்ணெண்ணெய்க்கு மாத்து" என்றார். அன்று எனக்கு அந்த வண்டியும் பிடிக்கவில்லை, அந்த வாசனையும் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடச் சட்டையில்கூட மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கிறது என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். இப்போது எனக்கு வயது 63. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, காலை ஆறு மணிக்கு அதே லீவரைத் தள்ளுகிறேன்.

தாத்தா லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். 1893-இல் தொடங்கிய பட்டறை அது. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, தண்டவாளத்தோடு ஒட்டிக்கொண்ட எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா படித்தது மஹபூப் காலேஜில். 1862-இல் சோமசுந்தரம் முதலியார் தொடங்கிய பள்ளிக்கூடம். 1893-இல் விவேகானந்தர் சிகாகோ போவதற்கு முன்பு வந்து பேசிய இடம். படிப்பு முடிந்ததும் அப்பா ராணிகஞ்சில் சின்னதாக லேத் பட்டறை போட்டார். டீசல் எஞ்சின், பம்ப்செட், போர் போடுவது, லைனர் இறக்குவது என்று வேலைக்குக் குறைவில்லை. கல்லாவில் தமிழ், வாடிக்கையாளரிடம் தெலுங்கு, மூத்த மெக்கானிக்குகளான உஸ்தாத்களிடம் தக்கனி உருது என்று மூன்று பாஷையும் ஒரே மூச்சில் பேசுவார்.

செகந்திராபாத்தில் ஒரு லேத் பட்டறைக்காரர் ஏன் டிராக்டர் சேர்த்தார் என்று இன்றைக்கு மேட்சல் சாலையில் போகிறவர்களுக்குப் புரியாது. கொம்பள்ளி தாண்டி மேட்சல், ஷாமீர்பேட்டை வரைக்கும் அப்போது திராட்சைத் தோட்டங்கள். பந்தல் பந்தலாக அனாப்-இ-ஷாஹி. வெளிர்பச்சையில் விரல் நீளத்துக்கு இருக்கும் அந்தப் பழத்துக்கு இந்த ஊர்தான் பேர்போனது. பந்தலுக்கு அடியில் போய்த் திரும்புவதற்கு உயரம் குறைந்த சின்ன டிராக்டர்தான் தோது. அந்தத் தோட்டங்களின் பம்ப்செட்டும் டிராக்டரும் கெட்டுப்போனால் அப்பாவிடம் வரும். 1977-இல் ஒரு தோட்டக்காரர் புதிய டீசல் டிராக்டர் வாங்கிவிட்டு, 1952-ஆம் வருஷத்து ஃபெர்குசனைப் பழைய இரும்புக்குப் போடப் போவதாகச் சொன்னார். அப்பா அதை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா வாசலில் நின்று, "என்னங்க, நமக்கு ஏது நெலம்?" என்று கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. பக்கெட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் வண்டியைக் கழுவ ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் வந்துகொண்டே இருந்தன. தொண்ணூறுகளில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மனைக்கட்டாக மாறியபோது இன்னும் வேகமாக வந்தன. ஃபோர்ட்சன் மேஜர் ஒன்று. ஃபரீதாபாத்தில் செய்த பழைய ஐச்சர் ஒன்று. 1959-இல் இந்தியாவிலேயே முதல் டிராக்டரைக் கட்டிய கம்பெனி அது. தண்ணீரே வேண்டாத, காற்றில் குளிரும் எஞ்சின். சென்னையில் டாஃபே கட்டிய மாஸி ஃபெர்குசன் ஒன்று. பட்டாளத்துக் கழிவில் வந்த வில்லிஸ் ஜீப், ஸ்டாண்டர்ட் வான்கார்ட் கார், லேண்ட்மாஸ்டர், பெட்ஃபோர்ட் லாரி, மூன்று மோட்டார் சைக்கிள். மொத்தம் 11 வண்டிகள்.

ஃபெர்குசன்மேல்தான் அவருக்குத் தனிப் பிரியம். காரணமும் உண்டு. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்தில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் கட்டிய வண்டி அது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்குப் போனது இந்த டிராக்டரில்தான். "எவரெஸ்ட் ஏறினவன் நம்பின வண்டிடா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதைவிட அவருக்குப் பெருமை, எஞ்சினின் வம்சாவளி. டிராக்டரைக் கட்டிய ஸ்டாண்டர்ட் கம்பெனி அதே குடும்பத்து எஞ்சினைத்தான் தன் வான்கார்ட் காரிலும் வைத்தது. 1951-க்குப் பிந்தைய ஃபெர்குசனுக்குச் சிலிண்டர் விட்டம் 85 மில்லிமீட்டர், வான்கார்டுக்கும் 85. அந்த வான்கார்டைச் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் பூட்டி விற்றது. 1985-இல் அதே சென்னை கம்பெனி ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய கார் விட்டதே, அதன் உள்ளே இருந்ததும் அந்தப் பழைய வான்கார்டு எஞ்சினின் வாரிசுதான். உழுத எஞ்சினும் ஊர்வலம் போன எஞ்சினும் ஒன்று என்று காட்டத்தான் அப்பா டிராக்டருக்குப் பக்கத்தில் அந்தக் காரை நிறுத்திவைத்திருந்தார். எனக்கு அது புரிய முப்பது வருஷம் ஆனது.

அவர் 2010-இல் காலமானார். அன்றைக்குக் கொட்டகையில் இருந்த 11 வண்டிகளில் ஓடும் நிலையில் இருந்தவை மூன்று. அவருக்கு முட்டிவலி வந்து கொட்டகைக்குப் போவது குறைந்த நாலு வருஷத்தில் மீதி எட்டும் நின்றுவிட்டன.

இந்த ஊரில் இந்தக் கதை புதிதில்லை. ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கான் இங்கிலாந்தில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் செய்யச் சொன்னார். மஞ்சள் நிறம், பின்னால் சிம்மாசனம் மாதிரி உயர்ந்த இருக்கை. வண்டி வந்து சேருமுன், 1911-இல், அவர் இறந்துவிட்டார். அப்பா கேட்ட காரை மகன் உஸ்மான் அலி கான் வாங்கிக்கொண்டார். அதை விசேஷங்களுக்கு மட்டும் எடுத்தார். சில நூறு மைல்கூட முழுசாக ஓடியிருக்குமோ என்னவோ. 1967-இல் அவர் இறந்து பேரன் முகர்ரம் ஜாவுக்குச் சொத்து வந்தபோது, அரண்மனைக் கொட்டகையில் இருந்த 60 கார்களில் ஓடியவை நான்குதான் என்று வில்லியம் டால்ரிம்பிள் எழுதியிருக்கிறார். ஓடாத வண்டிகளுக்கும் சேர்த்துப் பெட்ரோல் செலவும் உதிரிபாகச் செலவும் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தனவாம்.

அந்த முகர்ரம் ஜாவை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கும். உலகத்தின் பெரிய பணக்காரர் என்று பேர் வாங்கியவரின் பேரன். ஆனால் மனசு போனது எஞ்சின் பக்கம். மேற்கு ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் ஹவுஸ் என்ற ஆட்டுப் பண்ணையை வாங்கிக்கொண்டு போய், அங்கே தானே புல்டோசர் ஓட்டிக்கொண்டிருந்தார். 2023 ஜனவரியில் இஸ்தான்புல்லில் இறந்தார்; உடலைக் கொண்டுவந்து மக்கா மசூதியில் அடக்கம் செய்தார்கள். டீசல் எஞ்சினைப் பிரித்துப் போடுவதில் அவ்வளவு ஆசை இருந்த மனிதருக்கு, தாத்தாவின் கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிளப்ப இந்த ஊர் அவகாசம் தரவில்லை. வழக்கும் கடனும் வரியும் பங்காளிகளும் நெருக்கினார்கள். பிறகு அவருடைய முதல் மனைவி எஸ்ரா இளவரசியின் முயற்சியில் சௌமஹல்லா அரண்மனையைப் பழுதுபார்த்தார்கள். 2010-இல் அதற்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அந்த மஞ்சள் ரோல்ஸ் ராய்ஸ் இன்று அங்கே கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு நிற்கிறது. பழைய ஊர்ப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே நுழைந்து அதைப் பார்த்துவிட்டு வருவேன். மகன் வாங்கிக்கொண்ட அப்பாவின் வண்டி என்றுதான் அதைப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டிலும் பங்கு பிரிந்தது. 2012-இல் காம்பவுண்டில் பாதியை விற்றோம். தங்கைக்குச் சேரவேண்டியதைக் கொடுக்க வேறு வழியில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் கொட்டகை பாதியானபோது நான்கு வண்டிகளை விட்டேன். அதில் மூன்று நல்ல கைகளுக்குப் போயின. பெட்ஃபோர்ட் லாரிக்கு ஆள் கிடைக்கவில்லை. போலக்பூரிலிருந்து பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரர்கள் வந்தார்கள். எங்கள் வாசலிலேயே கேஸ் கட்டர் வைத்து வெட்டினார்கள். காலையில் ஆரம்பித்தது சாயங்காலம் நாலு மணிக்கு முடிந்துவிட்டது. அந்த லாரியின் எஞ்சினை எழுப்ப அப்பா இரண்டு வருஷம் உழைத்திருந்தார். மூக்குப் பக்கத் தகட்டை வெட்டும்போது அம்மா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "இன்னொண்ணா?" என்று ஒவ்வொரு தடவையும் அலுத்துக்கொண்டவள் அவள்தான்.

அதற்கு முந்தைய வருஷம் நான் செய்த தப்பு இன்னும் பெரியது. அப்பாவின் முதல் திதிக்குள் ஃபெர்குசனைப் புதுசு மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று வெறி வந்தது. புகை அதிகமாக வந்தது. லைனரை மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒரு பட்டறையில் கொடுத்தேன். லைனரும் பிஸ்டனும் மாற்றி, பெயிண்ட் அடித்து, பளபளவென்று திரும்பி வந்தது. திதியன்று கிளப்பினோம். உறவினர்கள் கைதட்டினார்கள். இருபது நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், ஆயில் பால் விட்ட காபி மாதிரி வெளுத்திருந்தது. தண்ணீர் இறங்கிவிட்டது.

ராணிகஞ்சில் அப்பாவோடு வேலை பார்த்த உஸ்தாத் ஒருவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அப்போதே அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. நான் மறுபடியும் கிளப்பப் போனபோது, "நக்கோ பேட்டா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்து, ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "உயரம் பார்த்தாங்களா?"

இந்த எஞ்சினில் லைனர் என்பது பிளாக்குக்குள் கழற்றி மாட்டக்கூடிய குழாய். அதைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் ஓடும். கீழே இரண்டிரண்டு லைனருக்குச் சேர்த்து எட்டு வடிவத்தில் ஒரு கேஸ்கட் உட்காரும். லைனரின் மேல்விளிம்பு பிளாக்கின் மட்டத்தைவிட ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்றிலிருந்து ஐந்து பங்கு உயர்ந்து நிற்க வேண்டும். அப்போதுதான் ஹெட்டை இறுக்கும்போது மேலேயும் கீழேயும் பிடிக்கும். சமமாக உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் கீழே கசிந்து ஆயிலில் கலந்துவிடும். அந்தப் பட்டறையில் வேலை செய்த பையன்கள் நல்ல பையன்கள்தான். அவர்கள் பழகிய எஞ்சினில் இந்த விஷயம் கிடையாது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததற்கு அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

உஸ்தாத் அப்புறம் சொன்னார்: "உங்க அப்பா இதெல்லாம் எழுதி வெச்சிருப்பாரே. நோட்டு எங்கே?"

நோட்டு இருந்தது. கொட்டகையில், பழைய பாட்டரிப் பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்தார். வண்டிக்கு ஒன்று வீதம் 11 நோட்டுகள். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டுதான். அட்டையில் என்றைக்கு வாங்கியது, யாரிடம் வாங்கியது, முன்பு எந்தத் தோட்டத்தில் ஓடியது. உள்ளே தேதி வாரியாக வேலை. ஃபெர்குசன் நோட்டின் ஒன்பதாம் பக்கத்தில் லைனரின் படம் வரைந்து, உயரம் எவ்வளவு, கேஸ்கட் எங்கேயும் கிடைக்காவிட்டால் எந்தக் கனத்துச் செப்புத் தகட்டில் வெட்ட வேண்டும் என்பதுவரை தமிழில் எழுதியிருந்தார். மண்ணெண்ணெயில் ஓட்டிவிட்டு நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் கிளம்பாது என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தார். ஓரத்தில், 'பையனுக்குச் சொல்லணும்' என்று ஒரு வரி.

நான் வெளியூரில் வேலைக்குப் போன வருஷத்துத் தேதி அதற்கு மேலே இருந்தது.

உஸ்தாதும் நானும் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு மறுபடியும் பிரித்தோம். நான் தமிழில் படித்து அவருக்குச் சொல்ல, அவர் ஃபீலர் கேஜை விட்டு அளந்தார். செப்புத் தகட்டை அவரே கத்தரித்தார். பதினோரு நாள் வேலை. அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஆயிலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

கோயம்புத்தூர் போனபோது அவிநாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போனேன். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் பேரில், அவர் மகன் ஜி.டி. கோபாலின் முயற்சியில் 2015-இல் திறந்தது. வண்டி என்பது பணக்காரர் வீட்டு அலங்காரம் என்ற எண்ணமே அங்கே இல்லை. எந்த எஞ்சின் எதற்காக வந்தது, எந்த மாற்றத்தை யார் கொண்டுவந்தார்கள் என்று பிள்ளைகளுக்குப் புரியும்படி வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் எங்கள் கொட்டகையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பலகை எழுதி வைத்தேன். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆயுத பூஜைக்கு வருகிறார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது அவர்கள் வேலை. மறுநாள் தசராவுக்குப் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் ஜம்மி இலையைத் தங்கம் என்று கையில் கொடுத்துவிட்டு, டிராக்டரின் பானெட்மேலும் ஒரு கொத்து வைத்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் அரசாங்கத்தின் கண்ணில் எங்கள் டிராக்டர்களுக்கு இடம் இல்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி, மூல வடிவம் மாறாமல் இருந்தால், 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பழுதுபார்க்கவும் சாலையில் எடுக்கலாம். நல்ல விதி; வரவேற்கிறேன். வான்கார்டுக்கு அது பொருந்தும். ஆனால் அந்த விதி சொல்வது இருசக்கர வண்டிகளையும் பயணிகள் காரையும் மட்டும்தான். டிராக்டர் அதில் இல்லை. லாரி இல்லை, பஸ்ஸும் இல்லை.

ஆர்.டி.சி. கிராஸ் ரோட்டில் பஸ் பவனில் ஓர் ஆல்பியன் பஸ்ஸை வைத்திருக்கிறார்கள். நிஜாம் ஸ்டேட் ரயில்வே 1932-இல் 27 பஸ்ஸும் 166 ஊழியர்களுமாகத் தொடங்கிய போக்குவரத்தின் மிச்சம் அது. தாத்தா அந்த மாதிரி பஸ்ஸில் போன கதையைச் சொல்வார். அதைக் காப்பாற்றியது ஒரு நிறுவனம். தனி வீட்டில் ஒரு பழைய பஸ்ஸோ லாரியோ டிராக்டரோ இருந்தால் அதைக் காப்பாற்றச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. ராஜா ஏறிய வண்டிக்கும் ராஜாவுக்குச் சோறு போட்டவன் ஓட்டிய வண்டிக்கும் இத்தனை வித்தியாசம் வேண்டியதில்லை. இந்தத் தக்காணத்தில் ஏரிப் பாசன வயலை, திராட்சைப் பந்தலை, சோளக் கொல்லையை உழுத எஞ்சின்கள் ஒன்றுகூட மிஞ்சாமல் போனால் நம் பிள்ளைகளுக்கு விவசாயம் எப்படி மாறியது என்று எதைக் காட்டிச் சொல்வோம்? அந்த விதியில் டிராக்டரையும் சேர்க்க வேண்டும். செலவில்லாத காரியம் இது. விண்ணப்பம் எழுதி அனுப்பியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

நடைமுறைக் கஷ்டம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர்க் குழாயும் கார்க் வாஷரும் அதற்குத் தாங்காது. ஓடாமல் நின்றால் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொண்டு டாங்கியின் உள்பக்கம் துரு ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஓட்டி முடித்ததும் கார்பரேட்டரைக் காலி செய்துவிடுகிறேன். குழாய்களைப் புது ரகத்துக்கு மாற்றியாயிற்று. இதை ஃபெர்குசன் நோட்டில் நான் எழுதியிருக்கிறேன். அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தில் இருக்கும் முதல் குறிப்பு அதுதான்.

இன்று மிச்சம் இருப்பவை ஏழு வண்டிகள். ஓடுபவை ஐந்து. ஃபோர்ட்சன் மேஜருக்கு மேக்னெட்டோ சுற்றிக்கொண்டிருக்கிறோம். உஸ்தாத் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வாயால் சொன்னதை நாற்பது பக்கம் எழுதி வாங்கிவைத்தேன். இன்னும் நூறு பக்கம் இருந்திருக்கும் அவரிடம்.

ஆகவே, உங்கள் வீட்டுக் கொட்டகையிலோ ஊர்த் தோட்டத்திலோ அப்பா விட்டுப்போன வண்டி ஒன்று நின்றால், தயவுசெய்து பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள், கபாடிக்காரரையும் கூப்பிடாதீர்கள். முதலில் ஆர்.சி. புத்தகத்தையும் அவர் கைப்பட எழுதிய எதையும் தேடி எடுத்து வையுங்கள். பிறகு அந்த வண்டியில் கை வைத்த மெக்கானிக் யாராவது உயிரோடு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய் அவர் எதிரில் உட்காருங்கள்.